மெஷின் மொழிபெயர்க்குது, அப்போ மொழிபெயர்ப்பியல் எதுக்கு?

உங்கள்ல சிலர் கேட்ட கேள்வி இது. மெஷினே மொழிபெயர்க்கும்போது, மொழிபெயர்ப்பியல்ல பிஎச்.டி. பண்ணி என்ன ஆகப்போகுது?

பதிலுக்கு ஜேம்ஸ் ஹோம்ஸ்னு ஒருத்தரைப் பார்ப்போம். அமெரிக்காவுல பிறந்து ஆம்ஸ்டர்டாம்ல குடியேறினவர். டச்சுக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார், அங்கே பல்கலைக்கழகத்துல பாடமும் எடுத்தார். அப்போ இந்தத் துறைக்கு நிலையான பேரே கிடையாது. மொழியியல்காரங்க ஒரு பக்கம், இலக்கியக்காரங்க இன்னொரு பக்கம் பேசிட்டிருந்தாங்க. 1972-ல கோபன்ஹேகன்ல நடந்த மாநாட்டுல, துறைக்கு ஒரு பேரைச் சொல்லி, உள்ளே என்னென்ன பிரிவுகள்னும் ஹோம்ஸ் வகுத்துக் காட்டினார்.

அதுல ஒரு பிரிவுக்கு மூணே கேள்விதான். கையில இருக்கிற மொழிபெயர்ப்பு எப்படி இருக்கு? போய்ச் சேர்ந்த சமூகத்துல அது என்ன பண்ணுது? மொழிபெயர்க்கிறவர் மனசுக்குள்ள என்ன நடக்குது?

மெஷின் தர்றது அவுட்புட். ஒரு நாவலை ஒரு பதிப்பகம் ஏன் தேர்ந்தெடுத்தது, எந்த வசவுச் சொல்லை மென்மையாக்கினாங்க, வாசகர்கள் எப்படி எடுத்துக்கிட்டாங்க? இதையெல்லாம் ஒருத்தர் உட்கார்ந்து தேடணும். மெஷின் வந்தபிறகு ஆராய வேண்டிய மொழிபெயர்ப்புகள் கூடித்தான் இருக்கு.

ஆனா பொறுமை வேணும். ஹோம்ஸ் 1986-ல இறந்துட்டார். அந்தக் கட்டுரை பரவலா கிடைச்சது 1988-ல வந்த தொகுப்புலதான். சீக்கிரம் பேர் வாங்கணும்னா வேற துறை பாருங்க. அந்த மூணு கேள்வியும் உங்களைத் தூங்கவிடலைன்னா, தாராளமா சேருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.