எலும்பைக் காணாத காந்தம்

ஓமந்தூர், திண்டிவனம் பக்கத்தில் புற்றுநோயாளிக்கு மருத்துவர் 'பெட் ஸ்கேன்' எழுதிக் கொடுத்தால், குடும்பத்தார் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பெயரைத் தாங்கிய சென்னை அரசினர் தோட்டத்தில் 2014 முதல் பன்னோக்கு மருத்துவமனை நடக்கிறது. அத்தகைய இடங்களில் எடுக்கும் ஸ்கேன் அறிக்கையில், ஊசி மருந்து எங்கே எவ்வளவு சேர்ந்தது என்று காட்டும் எண்ணை நம்பித்தான் வைத்தியம் முடிவாகிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பது ஊராருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

ஊசியில் ஏறும் சர்க்கரை போன்ற மருந்தில் ஃபுளோரின்-18 இருக்கும். 110 நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகும். அது உமிழும் பாசிட்ரான் எலக்ட்ரானைச் சந்தித்து அழியும்போது, 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு இரண்டு காமா கதிர்கள் எதிரெதிராகப் பாயும். இரண்டும் ஒருசேர வந்து சேர்ந்தால்தான் கணக்கு. 30 சென்டிமீட்டர் தடிமனான வயிற்றைக் கடக்கும் நூறு இணைகளில் தப்புபவை ஐந்தாறுதான். இந்த இழப்பை ஈடுகட்டுவதே மெலிவுத் திருத்தம். கதிர் தோலோரம் பிறந்தாலும் ஆழத்தில் பிறந்தாலும், இணையாக முழுத் தடிமனையும் கடப்பதால் அந்தக் கோட்டில் மொத்த இழப்பு ஒன்றே. எங்கே எலும்பு, எங்கே காற்று என்ற வரைபடம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன் அதைக் கொடுத்துவிடும். எக்ஸ்ரேயும் உடம்பில் மெலிகிற கதிர்தானே!

ஆனால் சி.டி.க்குப் பதிலாகப் பெட்டோடு சேரும் எம்.ஆர்.ஐ. காந்தம் பார்ப்பது ஹைட்ரஜனை. கெட்டி எலும்பின் சமிக்ஞை ஓரிரு மில்லிநொடிக்குள் மறைந்துவிடுவதால், எலும்பும் காற்றும் ஒரே கறுப்பு. 2010-ல் பெட்டும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே கூட்டில் இயங்கும் முழு உடல் கருவி வந்தபோது, கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் டிக்ஸன் முறையால் காற்று, நுரையீரல், கொழுப்பு, மென்திசு என நான்காகப் பிரித்தார்கள். எலும்பு மென்திசுவாகக் கணக்கானது. மண்டையோட்டை ஒட்டிய மூளைப் புறணியில் அளவு பத்து, இருபது விழுக்காடு வரை குறைந்து காட்டலாம். மறதி நோய்க்காக மருத்துவர் தேடுவதும் புறணியில் தெரியும் குறைவைத்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் மூளைக்கென்றே இக்கருவி இயங்குவதால் இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல.

எலும்பின் மங்கலான சமிக்ஞை மறையுமுன் பிடிக்கும் மிகக்குறுகிய எதிரொலி முறை, பலருடைய சி.டி. படங்களிலிருந்து தொகுத்த மாதிரித் தலைகள், இப்போது ஆழ்கற்றல் என்று ஆய்வாளர்கள் நிலைமையை வெகுவாகச் சீர்செய்திருக்கிறார்கள். உலோகம்தான் இன்னும் தொல்லை. இடுப்பில் செயற்கை மூட்டு இருந்தால் படத்தில் பெரிய கருங்குழி விழும். கணினி அதைக் காற்று என்று எண்ணி அங்கே திருத்தத்தைக் குறைத்துவிடும். நல்ல டெக்னீஷியன் அறிக்கைக்கு முன்பே வரைபடத்தைத் திறந்து பார்ப்பார். கொழுப்பும் நீரும் இடம் மாறியிருந்தாலும் அப்போதே தெரியும்.

படத்தை மீட்டெடுக்கும் கணிதத்தில் இந்தியருக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உயிர் இயற்பியலை வளர்த்த ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனோடு 1971-ல் தந்த 'ராம்-லாக்' வடிகட்டியை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அத்தனை நேர்த்தியான வழியிலும், பிசகான வரைபடம் புகுந்தால் பிசகான எண்தான் வெளிவரும்.

ஆகவே கீமோவுக்கு முன் பெட்-சி.டி., பின் பெட்-எம்.ஆர்.ஐ. என்று எடுத்து இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. முடிந்தவரை ஒரே கருவியில் எடுக்க வேண்டும். உடம்பில் பிளேட், மூட்டு, பல் உலோகம் இருந்தால், ஸ்கேன் அறைக்குள் போகுமுன்பே சொல்லிவிட வேண்டும்.