புதுக்குடி தந்த சோறு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாக்காலத்தில் தன்னலம் கருதாது பிறர்க்கு உதவும் நல்லோரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எனக்குப் பணித்திருக்கிறார்கள். நான் பட்டம் பெற்ற அறிஞன் அல்லன். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். ஆதலால் எங்கள் இருப்புப்பாதையின் ஓரத்திலே நிகழ்ந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்து, கிறிஸ்துமஸ் திருநாளும் நெருங்கிக்கொண்டிருந்த வேளை. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூர் செல்லும் விரைவு வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளுடன் கொட்டும் மழையில் புறப்பட்டது. அது சாதாரண மழையன்று. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது மிகுதி.

ஸ்ரீவைகுண்டத்திற்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தைத் தாங்கிநின்ற சரளைக் கற்களை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஸ்ரீவைகுண்டம் நிலைய அதிபர் ஜாபர் அலி அவர்கள் வண்டியை மேலே செல்லவிடாமல் நிறுத்திவைத்தார். அன்று அது நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சம் நடுங்குகிறது.

பயணிகளில் ஏறத்தாழ 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதற்குள் வெள்ளம் சாலையையும் மறித்துவிட்டது. எஞ்சிய 500 பேர் வண்டியிலும் நிலையத்திலுமாகத் தங்க நேர்ந்தது. முதியோரும் கைக்குழந்தைகளும் கருவுற்ற தாயும் அவர்களுள் இருந்தனர். மின்சாரம் இல்லை, செய்தித் தொடர்பும் அற்றுப்போயிற்று. கொண்டுவந்த கட்டுச்சோறு எத்தனை வேளைக்குத் தாங்கும்?

அப்பொழுது முன்வந்தவர்கள், நிலையத்தை அடுத்துள்ள புதுக்குடி என்னும் சிற்றூரின் மக்கள். தங்களிடம் இருந்த அரிசியையும் பருப்பையும் சேர்த்து, ஊர்க் கோவிலிலே அடுப்பு மூட்டிச் சமைத்து, அந்தப் பயணிகளுக்கு அளித்தார்கள். 19ஆம் நாள் பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி வண்டியில் சென்னைக்கு அனுப்பப்படும்வரை அவர்கள் உயிரைக் காத்ததில் அந்தச் சோற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

அன்பர்களே! மிஞ்சியதைக் கொடுப்பது ஒரு வகை. அதையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் புதுக்குடியைச் சுற்றிலும் அன்று வெள்ளம். கடைக்குப் போய் அரிசி வாங்க வழியில்லை. மறுநாள் தம் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்ற கவலை எந்தத் தாய்க்கு இல்லாமல் இருந்திருக்கும்? அந்தக் கவலையோடேயே அவர்கள் பானையைத் திறந்தார்கள். இறங்கி நின்றவர் எந்த ஊரார், எந்தச் சமயத்தார், மீண்டும் இப்பக்கம் வருவாரா என்று கேட்டுவிட்டுச் சோறு போடவில்லை. வண்டி நின்ற நேரமும், பாதை பழுதான இடமும் அலுவலகப் பதிவேட்டில் ஏறும். உலைவைத்த கைகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதை அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

அதே ஸ்ரீவைகுண்டத்தில் குமரகுருபரர் கல்லூரியில் நூலகராக இருந்தவர் ‘பாலம்’ கலியாணசுந்தரம் அவர்கள். தம் ஊதியத்தை ஏழைகளுக்கு ஈந்துவிட்டு, தம் தேவைக்கு உணவு விடுதியில் வேலை பார்த்தவர். 2023ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது; நாம் மகிழ்ந்தோம். அவருக்கு விருது வந்த அதே ஆண்டின் இறுதியில், அதே மண்ணில், பெயர் தெரியாத மக்கள் அதே அறத்தைச் செய்துகாட்டினார்கள். அறம் பெரியோர்க்கு மட்டும் உரிய தனிச்சொத்து அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இச்செய்தியை ஜோகுபாளையத்தில் வந்து சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நாமும் வேற்றூரில் வந்து இறங்கிய பயணிகளே அல்லவா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கன்டோன்மென்ட் அமைந்த நாள் தொட்டு, அல்சூரைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றி வருகின்றன. நமக்கும் இங்கு யாரோ ஒருவர் இடம் கொடுத்தார். தண்ணீர்க் குழாயில் ஒரு குடத்திற்கு வழிவிட்டார். இன்றும் சங்கராந்தியன்று அண்டை வீட்டுக் கன்னடச் சகோதரி எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து நம் வாசலுக்குக் கொண்டுவந்து, இதை உண்டு நல்லதையே பேசுங்கள் என்று வாழ்த்துகிறார். நாம் பொங்கல் தருகிறோம். அரசியல் கொந்தளித்த காலங்களிலும் இந்தத் தட்டுகள் வீட்டுக்கு வீடு மாறியதனால்தான் நம் தெருக்கள் தெருக்களாக இருக்கின்றன.

இன்று நமக்குப் பின்னே வேறு வண்டிகள் வந்து நின்றிருக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இந்நகரின் கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர்கள், தம் திருநாட்களிலும் ஊர் செல்ல இயலாமல் தகரக் கொட்டகைகளில் தங்கிவிடுகிறார்கள். அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. புதுக்குடியார் மொழி கேட்டா சோறு இட்டார்கள்?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வருகின்ற பொங்கலன்று நம் பானையோடு இன்னும் ஒரு பானை வைப்போம். அதை நம் பகுதியில் வேலை செய்யும் அம்மக்களிடம் நாமே எடுத்துச் செல்வோம். அதற்கு அரிசி தந்தவர் யார், வெல்லம் தந்தவர் யார் என்ற பட்டியலை அடுத்த ஆண்டு மலரில் அச்சிட வேண்டாம். ஒரு பக்கம் மிச்சமாகும். அந்த அச்சுக்கூலிக்கும் அரிசி வாங்கலாம்.