பழைய பற்றரியை எப்ப மாத்துறது?

கனடாவில் நீங்கள் வாங்கும் முதல் கார் பெரும்பாலும் பழசாகத்தான் இருக்கும். அதன் பற்றரிக்கு எத்தனை வயசு எண்டு முதலில் பாருங்கோ. பொதுவாக 3 முதல் 5 வருடங்கள்தான் தாங்கும்.

காலமையில் எஞ்சின் இழுத்து இழுத்து ஸ்ரார்ட் ஆகுதோ, பற்றரியின் பக்கங்கள் ஊதிக் கிடக்குதோ, கவனியுங்கோ. ஊதியிருந்தால் உடனே மாற்றவேணும். இரவு முழுக்க நிண்ட காரில் 12.6 வோல்ற் அளவில் இருந்தால் நல்லது, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிச் சோதிக்கவேணும். பல உதிரிப்பாகக் கடைகளில் சோதனைக்குக் காசு கேட்கமாட்டினம்.

பனிக்காலம் தொடங்க முதல், ஒக்டோபரிலேயே பாருங்கோ. குளிரில் பற்றரியின் பலம் குறையும்.

புதுசு வாங்கக் காசை யோசிப்பீங்கள். ஆனால் நேரில் போகவேண்டிய அகதி விசாரணைக்குப் போகாமல் விட்டால், கோரிக்கை கைவிடப்பட்டதாகவே அறிவிக்கப்படலாம். அண்டைக்குக் கார் கிளம்பவேணும்.