நீதவானின் தீர்ப்புக்குப் பின்



உள்ளூராட்சிச் சட்டங்களின்கீழ் எழும் வழக்குகளைச் சில்லறை வழக்குகள் என எண்ணுவது நம்மவரிடையே பெருவழக்கு. தண்டப்பணத்தைக் கட்டினால் தொல்லை தீரும் எனக் கருதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வீடு திரும்புவோர் பலர். தொல்லை அவ்வளவில் தீர்வதில்லை.

அங்கீகாரம் பெற்ற வரைபடமின்றி ஒருவர் தம் கடைக்கு முன்னே விறாந்தை கட்டினார் என வைத்துக்கொள்வோம். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டால், தண்டம் விதிப்பதோடு, கட்டியதை இடிக்குமாறும் நீதவான் கட்டளையிடலாம். பிரதேச சபையின் துணைவிதியை மீறும் செயல் தொடருமாயின், நாள்தோறும் மேலதிகத் தண்டமும் ஏறலாம்.

தீர்ப்புப் பிழையென நினைப்பவருக்கு வழி யாது? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, நீதவான் நீதிமன்றத்தின் குற்றத்தீர்ப்பை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். மனு அம்மேல் நீதிமன்றத்தை விளித்து எழுதப்படினும், அதனைக் கையளிக்கவேண்டிய இடம் தீர்ப்பளித்த நீதவான் நீதிமன்றமேயாகும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதற்கு அளிக்கும் தவணை 14 நாள்கள் மாத்திரமே.

மனுவில் மேன்முறையீட்டுக்குரிய காரணங்கள் சுருக்கமாகக் கூறப்படல் வேண்டும். சட்டப் பிரச்சினை எழுப்பப்படுமாயின், அது விசாரணைக்குத் தகுந்ததென ஒரு சட்டத்தரணி சான்றளித்தல் அவசியம். வழக்குக்கு ஆதாரமான துணைவிதி முறைப்படி அங்கீகரிக்கப்பட்டு வர்த்தமானியில் வெளியாயிற்றா, அதனை ஆக்கும் அதிகாரம் சபைக்கு இருந்ததா என்பன அத்தகைய பிரச்சினைகள். சாட்சிகளை நேரிற் கண்டு கேட்டவர் நீதவானே ஆதலின், சாட்சியின் நம்பகம் பற்றிய அவர் முடிவை மேல் நீதிமன்றம் எளிதில் மாற்றாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குற்றத்தை நிபந்தனையின்றி ஒப்புக்கொண்டவருக்கு மேன்முறையீட்டு வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. தவணை தப்பியவர் மீளாய்வு மனுவொன்றை நாடலாம். ஆயினும், விசேட காரணங்களைக் காட்டினாலன்றி மன்று அதற்கு இணங்குவது அரிது.

ஆகவே, அழைப்பாணை கையிற் கிடைத்த அன்றே சட்டத்தரணியைக் காணுங்கள். தீர்ப்பு வந்தபின் நாள்களை எண்ணுங்கள். மேன்முறையீடு சபையோடு தொடுக்கும் பகையன்று. சட்டம் குடிமகனுக்கு அளித்த உரிமை. உரிய காலத்திற் பயன்படுத்தாத உரிமை, இடிந்துபோன சுவரை மீண்டும் எழுப்பித் தராது.