மேசைக்கு விதி தெரியாதுங்க

பாப்பாரப்பட்டியிலிருந்து பேசறேன். போன வீடியோவுக்கு அப்புறம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான்: "அண்ணா, டேபிள்டாப் சிமுலேட்டர்ல வார்ஹேமர் ஆடறோம். எதிராளி இஷ்டத்துக்குப் பொம்மையை நகர்த்தறான். கேம் ஏன் தடுக்க மாட்டேங்குது?"

தடுக்காதுங்க. டேபிள்டாப் சிமுலேட்டர் கணினியில இருக்கற ஒரு மேசை மட்டும்தான். வார்ஹேமர் மாதிரி பொம்மைப் போர் ஆட்டத்துக்குப் பொம்மை, பகடை, அளவுகோல் எல்லாம் தரும். விதியை நீங்கதான் பார்த்துக்கணும். கோயில் திண்ணையில ஆடுபுலி ஆட்டக் கட்டம் வெட்டி வெச்சிருக்காங்களே, புலி ரெண்டு ஆட்டைச் சேர்த்துத் தாண்டினா அந்தக் கல்லு கேக்குமா? கூட ஆடறவன்தான் கேக்கணும்.

ஓசூர்ல இருக்கற என் மச்சானோட ஒரு ராத்திரி ஆடினேன். வீரனை ஆறு அங்குலம் நகர்த்தறேன்னாரு. அடித்தட்டோட முன் விளிம்புல அளவை ஆரம்பிச்சு, பின் விளிம்பு அந்த ஆறு அங்குல முடிவுல போய் நிக்கற மாதிரி வெச்சாரு. 32 மில்லிமீட்டர் அடித்தட்டுன்னா, ஒன்னேகால் அங்குலம் ஓசியில கிடைச்சுடுச்சு! ஏமாத்தணும்னு செய்யல, பழக்கம் அப்படி. அதனால முன் விளிம்புல அளந்தா முன் விளிம்பையே கொண்டுபோய் நிறுத்துங்க. கீபோர்டுல டேப் (Tab) பொத்தானை அழுத்திப் பிடிச்சு இழுத்தா தூரம் தெரியும். அளக்கறதுக்கு முன்னாடி எதுக்காக நகர்த்தறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க: "சுவருக்குப் பின்னாடி மறையறேன், உங்க பீரங்கிக்குத் தெரியக் கூடாது." எதிராளி சரின்னுட்டா, அப்புறம் மவுஸ் கொஞ்சம் வழுக்கினாலும் சண்டை வராது. இதைத்தான் யாரும் செய்யறதில்ல. தயவுசெஞ்சு செய்யுங்க.

சுவர், மேடெல்லாம் தட்டிவிட்டா கவுந்துடுதுன்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. மவுஸை அதுமேல வெச்சு எல் எழுத்தை அழுத்துங்கம்மா, அசையாம நிக்கும்.

டேபிள்டாப் சிமுலேட்டர் போன்ல ஓடுமா? ஓடாது. பழைய லேப்டாப், மெதுவான நெட்டா? வஸ்ஸல்னு ஒரு மென்பொருள் இருக்கு, இலவசம். மேலிருந்து பார்க்கற படம்தான், ஆனா பாரம் குறைவு. நீங்க நகர்த்தினதைக் கோப்பாச் சேமிச்சு மின்னஞ்சல்ல அனுப்பலாம், எதிராளி அடுத்த நாள் பதில் ஆட்டம் அனுப்புவாரு. கரண்ட் போற ஊருக்கு இது ரொம்ப நல்லது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே கணினிதான்னா, டேபிள்டாப் சிமுலேட்டர்ல ஹாட்சீட் போட்டு மாத்தி மாத்தி ஆடுங்க.

புதுசா வர்றவங்க நேரா வார்ஹேமர்ல குதிக்காதீங்க. சுண்ணக்கட்டியால தரையில ஆடுபுலிக் கட்டம் போடுங்க, நேர் மேலேருந்து போட்டோ எடுத்து, டேபிள்டாப் சிமுலேட்டர்ல கஸ்டம் போர்டா ஏத்துங்க. 3 புலி, 15 ஆடு, ஏதாவது பொம்மை வெச்சுக்கலாம். அங்குலக் கணக்கு கிடையாது. ஆனா விதியை ரெண்டு பேரும் சேர்ந்து காப்பாத்தணும்ங்கற பழக்கம் இதுலயே வந்துடும். இந்த ஞாயித்துக்கிழமை ஆடிப் பாருங்க. எந்த இடத்துல வாக்குவாதம் வந்துச்சுன்னு மறக்காம எழுதுங்க, அடுத்த தடவை அதையே எடுத்துப் பேசறேன்.