என் பேரன் ஏன் கையை உதறுகிறான்?

(ஏப்ரல் முதல் ஞாயிறு மாலை, நம் குடியிருப்பின் மினி ஹாலில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நான் 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழக்கம் உண்டே தவிர, மைக் முன்னால் நின்று பழக்கம் இல்லை. மெயின்டனன்ஸ் கணக்கு என்றால் தைரியமாகப் பேசிவிடுவேன். இன்று பேசப்போவது என் பேரனைப் பற்றி. நடுவில் கொஞ்சம் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வயது 11. லிஃப்டில் ஏறியதும் இரண்டு கையையும் படபடவென்று உதறுவான். சாயங்காலம் ஊஞ்சலில் உட்கார்ந்தால் இறங்க மாட்டான். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுவான். வீட்டில் குதிப்பான்.

இரண்டு மாதம் முன்பு நம் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. இரவில் குதிக்கிற சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்கிறது என்றார்கள். சின்னக் குழந்தைகள் பயப்படுகிறார்கள், விளையாட்டு இடத்துக்கு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்து வரலாமே என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அன்று இரவு என் மருமகள் சாப்பிடவில்லை. ஆனால் எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏனென்றால் நாலு வருடம் முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது வயது 5. தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் ஆட்டிசம் என்றே சொல்கிறோம். மற்றதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அந்தக் கை உதறல்தான் உறுத்தியது. சொந்தக்காரர்கள் முன்னால் அவன் உதறினால் எனக்கு மானம் போவது போல இருக்கும். கண்டிப்பாக இருந்தால் சரியாகிவிடும் என்று நானே பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். உதறினால் 'கையைக் கட்டு' என்று அதட்டுவேன். ஒரு மணி நேரம் கை சும்மா இருந்தால் ஒரு கடலை மிட்டாய். லிஃப்டில் அவன் இரண்டு மணிக்கட்டையும் நானே பிடித்துக்கொள்வேன்.

அவனுக்கு 7 வயது ஆவதற்குள் கை ஆடுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கப்புறம் அவன் தன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். கடித்துக் கடித்து அந்த இடம் காய்ப்புக் காய்த்தது. ராத்திரித் தூக்கமும் போயிற்று.

பள்ளியில் இருந்த தெரபிஸ்ட் அம்மா ஒருநாள் என்னிடம் கேட்டார்: "சார், கையை நிறுத்திட்டீங்க. அது எதுக்காக ஆடிச்சுன்னு பார்த்தீங்களா?"

என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து, பழக்க தோஷம், ஒரு நீள நோட்டு எடுத்துக் கட்டம் போட்டேன். நேரம், இடம், அதற்கு முன் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், அதற்குப் பின் எப்படி இருந்தான். அதட்டலை நிறுத்திவிட்டேன். கை கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஆட ஆரம்பித்தது. 30 நாள் விடாமல் எழுதினேன்.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எல்லாம் நாலு தலைப்பில் வந்துவிட்டது.

முதலாவது, தாங்க முடியாத சத்தமும் கூட்டமும். மிக்ஸி ஓடும்போது, ஜெனரேட்டர் கிளம்பும்போது, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, லிஃப்டில் நெருக்கி நிற்கும்போது. அப்போது கை முகத்துக்குப் பக்கத்தில் வேகமாக ஆடும், உதடு இறுகியிருக்கும்.

இரண்டாவது, சந்தோஷம். எண்ணெயில் அப்பளம் பொரியும்போது, சனிக்கிழமை அவன் அப்பா ஊரிலிருந்து வரும்போது. அப்போது கை தோள் உயரத்தில் அகலமாக ஆடும், கூடவே குதிப்பும் சிரிப்பும்.

மூன்றாவது, சும்மா காத்திருப்பது. டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் முன்னும் பின்னும் ஆடுவான். நாலாவது, யோசிப்பது. கணக்குப் போடும்போதுதான் அந்த 'ம்ம்ம்'.

வங்கியில் வவுச்சர் இல்லாமல் ஒரு என்ட்ரி போட முடியாது. அந்த நோட்டிலும் அப்படித்தான். காரணம் இல்லாமல் அந்தக் கை ஒருநாளும் ஆடவில்லை. வவுச்சரைப் பார்க்காமல் என்ட்ரியை அடித்தவன் நான்தான்.

இதற்கு ஸ்டிம்மிங் என்று பெயர். தன்னைத் தானே தூண்டிக்கொள்வது என்று பொருள். கை உதறுவது, உடம்பை ஆட்டுவது, சுற்றுவது, நுனிக்காலில் நடப்பது, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது, சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருப்பது, துணியைத் தேய்ப்பது, சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது எல்லாம் இதில் வரும். ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலி, ஒளி, வாசனை, தொடுதல் எல்லாம் நம்மைப் போல அளவாக உள்ளே போவதில்லை. சிலது ஒரேயடியாக மோதும், சிலது போதாமல் இருக்கும். ஒரே சீராகத் திரும்பத் திரும்பச் செய்கிற ஓர் அசைவு அந்த உடம்பை நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. இது எங்களை அமைதிப்படுத்துகிறது, இதை நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டம் என்ற கருத்தையே அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நமக்கு மட்டும் இது இல்லையா? நான் கவுண்டரில் இருந்த காலத்தில், கேஷ் டேலி ஆகாத நாளில் பால்பாயின்ட் பேனாவை டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருப்பேன். பக்கத்து சீட்காரர் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். இந்த ஹாலில் இப்போது எத்தனை பேர் காலாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று குனிந்து பாருங்கள். நகம் கடிக்கிறோம், வளையலைச் சுற்றுகிறோம், சாவிக்கொத்தை விரலில் ஆட்டுகிறோம். குழந்தை அழுதால் தூளியில் போட்டு ஆட்டுகிறோம். என் பாட்டி மத்தியானம் முழுக்க ஊஞ்சலில் ஒரு காலை உந்திக்கொண்டே இருப்பார், யாரும் குறை சொன்னதில்லை. அளவும் கண்ணுக்குத் தெரியும் விதமும்தான் வேறு.

ஒரு வங்கிக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே 1933இல் பிறந்தவர் டொனால்ட் டிரிப்லெட். சின்ன வயதில் கையில் கிடைக்கிற பாத்திரம், கட்டை எல்லாவற்றையும் தரையில் சுழற்றிவிட்டுக் குதிப்பார். தலையை இரு பக்கமும் ஆட்டிக்கொண்டு முனகுவார். 3 வயதில் டாக்டர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு விடுதியில் விட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துப் பெற்றோர் மனம் கேட்காமல் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். பிறகு லியோ கானர் என்ற மருத்துவரிடம் காட்டினார்கள். கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக உலகத்துக்குத் தெரிய வந்தது. அதில் முதல் குழந்தை டொனால்ட்.

அந்தப் பையனைக் கொஞ்ச காலம் ஒரு விவசாயத் தம்பதி வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். சோளக்கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருப்பானாம். அவர்கள் எண்ணாதே என்று அதட்டவில்லை. ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். கானர் நேரில் போய்ப் பார்த்தபோது, பையன் குதிரை பூட்டிய ஏரை அழகாக ஓட்டினான் என்று எழுதியிருக்கிறார்.

அவர் கல்லூரி முடித்து, 1958இல் தன் ஊர் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். தாய்வழிக் குடும்பத்துக்குப் பங்குள்ள வங்கி, அது உண்மை. ஆனால் வேலை கொடுப்பது குடும்பம் என்றால், தினமும் தெருவில் பார்த்துப் பழகுவது ஊர்தானே? கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகப் பல நாடுகள் சுற்றினார். 2023இல் 89 வயதில் காலமானார். அவரைத் தேடி வந்த பத்திரிகைக்காரர்களிடம், அவர் மனம் நோகும்படி எதுவும் செய்துவிடாதீர்கள் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்து அனுப்பினார்களாம். என் பேரன் வங்கி வேலைக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதிரி ஓர் ஊர் அவனுக்குக் கிடைக்குமா என்றுதான் யோசிக்கிறேன். அவனுக்கு ஊர் என்பது இந்தக் குடியிருப்புதான்.

அப்படியானால் எதையுமே தடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தடுக்க வேண்டியது உண்டு. தலையைச் சுவரில் மோதுவது, ரத்தம் வரக் கடிப்பது, மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறுவது, அடுத்தவரை இடிப்பது. அங்கேயும் வெறுமனே நிறுத்தினால் போதாது, பதிலுக்கு வேறு ஒன்று கொடுக்க வேண்டும். இப்போது அவன் சட்டைக் காலரில் கடிப்பதற்கென்றே ஒரு ரப்பர் வளையம் கட்டியிருக்கிறோம். கையைக் கடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்னொன்று, திடீரென்று புதிதாகத் தன்னை அடித்துக்கொண்டால் முதலில் உடம்பில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன வருடம் அவன் காதில் அறைந்துகொண்டபோது பழக்கம் என்றே நினைத்தோம். டாக்டர் பார்த்தால் காதுக்குள் சீழ். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை, கையால் சொல்லியிருக்கிறான்.

இங்கே சின்னக் குழந்தைகளின் பெற்றோர் இருக்கிறீர்கள். குழந்தை கை உதறினாலே ஆட்டிசம் என்று பயந்துவிடாதீர்கள். சாதாரணமாக வளரும் பல குழந்தைகளும் சந்தோஷத்தில் உதறும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பேச்சு வருகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஆட்டிசம் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அது எனக்குத் தெரிந்த வேலை.

இனி, எங்கள் பக்கம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹாலில் தடிமனான ரப்பர் மேட் போட்டாயிற்று. இரவு 9 மணிக்கு மேல் கட்டில் மெத்தையில் மட்டும்தான் குதிப்பான். அதையும் மீறிச் சத்தம் கேட்டால் குழுவில் எழுத வேண்டாம், எனக்கு போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உங்களிடம் கேட்பது சிலதுதான்.

லிஃப்டில் அவன் கை உதறினால் உற்றுப் பார்க்காதீர்கள், கையைப் பிடிக்காதீர்கள். ஒரு அடி தள்ளி நின்றால் போதும். லிஃப்ட் நிறைந்திருந்தால் நாங்களே அடுத்ததில் வருகிறோம்.

செல்போனில் படம் எடுக்க வேண்டாம்.

ஜெனரேட்டர் சோதனையும் தீ அலாரம் சோதனையும் எப்போது என்று முதல் நாளே குழுவில் போடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ஹெட்ஃபோன் மாட்டி அவனைத் தயார் செய்துவிடுவோம்.

உங்கள் பிள்ளைகள் 'அந்த அண்ணா ஏன் இப்படிப் பண்றான்?' என்று கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். அவனுக்குச் சத்தம் அதிகமாகக் கேட்கிறது, அல்லது ரொம்ப சந்தோஷமாக இருக்கிறான் என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அது போதும்.

கடைசியாக ஊஞ்சல். அது எல்லோருக்கும் பொது, அவன் மட்டும் ஆடிக்கொண்டிருப்பது நியாயம் இல்லைதான். ஆனால் 'இறங்கு, இறங்கு' என்றால் அவனுக்குப் பதற்றம்தான் வரும். 'தம்பி, இன்னும் 20' என்று சொல்லிப் பாருங்கள். அவனே ஆட்டத்தை எண்ணி, 20 வந்ததும் இறங்கிவிடுவான். எண் என்றால் அவனுக்குப் புரியும், முடிவு எங்கே என்று தெரிந்துவிடும்.

போன வாரம் தரைத்தளத்துச் சின்னப் பெண் ஒருத்தி ஊஞ்சல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் சொல்லிக் கொடுத்தேன். 'இன்னும் இருபது அண்ணா' என்றாள். இரண்டு பேரும் சேர்ந்தே எண்ணினார்கள். இருபது வந்தது, அவன் இறங்கினான், அவள் ஏறிக்கொண்டாள். இவன் ஓடிவிடவில்லை. பக்கத்திலேயே நின்று அவள் ஆட்டத்தை எண்ணினான். எண்ணிக்கொண்டே கையை உதறினான், தோள் உயரத்தில், அகலமாக.

அது எந்தத் தலைப்பில் வரும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.