எதிரியின் சொல்லுக்கும் செவிகொடுத்த ஊர்: ரபினால்



நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில், பாஹா வேராபாஸ் மாகாணத்தின் மலைகளுக்கிடையே உள்ள வறண்ட பள்ளத்தாக்கில் அமைந்த ரபினால், மாயா இனத்தின் ஒரு கிளையினரான அச்சி மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு முனிசிபியோ ஆகும்; தலைமை ஊர் ஒன்றும் அதைச் சுற்றிய மலைக்கிராமங்களும் ஒரே மன்றத்தின் ஆட்சியில் அமைந்த உள்ளாட்சிப் பகுதியையே அந்நாட்டார் முனிசிபியோ என்பர். மக்காச்சோளமும் அவரையும் பயிரிட்டு, ஆரஞ்சு விளைவித்து, திருவோட்டுக்காயின் ஓட்டில் பூச்சி மெழுகு பூசிச் சித்திரம் தீட்டி வாழும் இம்மக்களின் ஊர், பிறருக்குச் சொல்லத்தக்க ஒரு பெருமையை உடையது: அது சொல்லை மறவாத ஊர்.

ஸ்பானியப் படைகள் வாளால் அடக்க முடியாமல் 'போர்நிலம்' என்று பெயரிட்டிருந்த இப்பகுதிக்கு, படையின்றிச் சமயப் போதனையால் மட்டுமே நுழைவதாக 1537இல் ஆளுநரோடு உடன்பாடு செய்துகொண்ட பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற தொமினிக்கத் துறவியின் முயற்சியால், 'மெய்யான அமைதி' எனப் பொருள்படும் வேராபாஸ் என்ற பெயர் பின்னர் வந்தது. துறவியர் கொண்டுவந்த கொஃப்ராதியா, அதாவது ஒரு புனிதரின் திருவுருவத்தைப் பேணி அவருடைய விழாவை நடத்தும் பொறுப்பை ஊரார் முறைவைத்து ஏற்கும் பக்தசபை, அச்சியரின் கையில் தம் முன்னோரை வணங்கும் அமைப்பாகவும் வளர்ந்தது. வந்த சமயத்தை ஏற்றவர்கள் இருந்த உறவை விட்டுவிடவில்லை.

அவ்வுறவின் உயிர்நாடி, ஊரின் பெயரையே தாங்கிய 'ரபினால் அச்சி' என்னும் ஆடல்நாடகமாகும். 15ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றதாகக் கருதப்படும் இந்நாடகம், பிளவு வெட்டிய மரமுரசு ஒன்றும் எக்காளங்கள் இரண்டும் முழங்க, முகமூடி அணிந்த நடிகரால், ஜனவரி 25 அன்று கொண்டாடப்படும் தூய பவுல் விழாவையொட்டி ஆடப்படுகிறது. ரபினாலின் ஊர்களை அழிக்க முயன்ற மாயா இனத்தின் மற்றொரு கிளையான கிச்சே இனத்து வீரன் ஒருவன் சிறைப்பட்டு மன்னன் ஹோப் தோஹின் முன் நிறுத்தப்படுவதே கதை. இங்கு அவையோர் எண்ணிப் பார்க்கத்தக்கது அதன் உரையாடல் முறையாகும்: ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் உடனே மறுத்துரைப்பதில்லை, எதிராளி சொன்னதை முதலில் தம் வாயால் திருப்பிச் சொல்லி, அதன் பின்னரே தம் விடையைக் கூறுகிறார். சாவு உறுதியான பகைவனுக்கும் அரண்மனையின் பானமும் ஆடையும் வழங்கப்படுகின்றன. தன் மலைகளிடம் விடைபெற மாயர் புனித நாட்காட்டியின் ஒரு சுற்றாகிய 260 நாள் கேட்கும் அவன், ஓடிவிடாமல் திரும்பி வந்து, கழுகு வீரரும் சிறுத்தை வீரரும் சூழ உயிர் கொடுக்கிறான். பார்த்தோலோ சிஸ் என்ற ஊர்ப் பெரியவர் சொல்ல, அங்குப் பங்குத்தந்தையாக இருந்த பிரெஞ்சு அறிஞர் பிரஸ்ஸர் தெ பூர்பூர் 1855இல் எழுதிக்கொண்ட இப்பனுவல் 1862இல் பாரிசில் அச்சேறியது. 2005இல் யுனெஸ்கோவும் இதனை மானுட மரபின் அரும்பொருளாக அறிவித்தது. எனினும் இதனைக் காத்தவை அச்சோ அறிவிப்போ அல்ல. தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து, நோன்பிருந்து ஆடிய ஊராரின் நாவும் காலுமே.

பகைவனுக்கும் பேச இடங்கொடுத்த அந்த மண்ணில், 1980களின் தொடக்கத்தில் எவருக்கும் பேச இடமில்லாமற் போயிற்று. உள்நாட்டுப் போரின் பெயரால் இராணுவமும், அது கிராமத்தாரையே வற்புறுத்திச் சேர்த்த சிவில் ரோந்துப் படையும் அச்சிக் கிராமங்களைச் சூறையாடின. சிக்சோய் அணைக்காக நிலத்தை விட்டு வெளியேற மறுத்த ரியோ நெக்ரோ கிராமத்தின் 70 பெண்களும் 107 குழந்தைகளும் 1982 மார்ச் 13 அன்று கொல்லப்பட்டனர். அக்கொலையில் பங்கேற்ற ரோந்துப் படையினர் அண்டைக் கிராமமான ஷோகோக்கைச் சேர்ந்தவர்கள் என்பது நெஞ்சை அறுக்கும் செய்தியாகும். அதே ஆண்டு ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை, ரபினால் சந்தைக்குச் சென்றவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நாளில், பிளான் தெ சாஞ்செஸ் கிராமத்தில் 268 பேர் உயிரிழந்தனர். குற்றம் எது என்று சொல்லப்படவில்லை. விடை எது என்று கேட்கப்படவில்லை.

அமைதி திரும்புமுன்பே, மிரட்டலுக்கு நடுவில், உயிர் பிழைத்தோர் புதைகுழிகளைத் தோண்டக் கோரினர். 1990களில் எலும்புகள் எடுக்கப்பட்டு, அடையாளம் காணப்பட்டு, உரிய சடங்குகளுடன் அடக்கம் செய்யப்பட்டன. பிளான் தெ சாஞ்செஸ் வழக்கில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2004இல் குவாத்தமாலா அரசைப் பொறுப்பாக்கியது. அந்நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பான அரசுக்குத் தன் தரப்பைச் சொல்லும் உரிமை இருந்தது. தங்கள் குடும்பத்தாருக்கு மறுக்கப்பட்ட அவ்வுரிமையை எதிர்த்தரப்புக்கும் வழங்கிய வழியிலேயே இம்மக்கள் நீதி தேடினர் என்பதைவிட உயர்ந்த சான்று அந்த நாடகத்திற்குத் தேவையில்லை.

பல்லாண்டு மௌனத்துக்குப் பின் 36 அச்சிப் பெண்கள், அப்போர்க்காலத்தில் தங்கள்மீது நிகழ்த்தப்பட்ட பாலியல் வன்கொடுமைகளை வெளியே சொல்லி வழக்குத் தொடுத்தனர். முன்னாள் ரோந்துப் படையினர் ஐவருக்குத் தலா 30 ஆண்டு சிறைத்தண்டனை விதித்த தீர்ப்பு, 2022 ஜனவரி 24 அன்று, தூய பவுல் விழாவின் முந்தைய நாளில் வழங்கப்பட்டது.